நெல் தோகை நிமிர்வதும் சாய்வதும் யார் கையில்?

பெங்களூரில் இருந்து மைசூருக்கு ரெயிலில் போகும் நம்மவர்களைக் கவனித்திருப்பீர்கள். மண்டியா நெருங்கியதும் பேச்சை நிறுத்திவிட்டு சன்னல் பக்கம் திரும்புவார்கள். அங்கே நெல் வயல். காவிரித் தண்ணீர் பாயும் வயல். தஞ்சையையும் திருச்சியையும் விட்டு வந்து இங்கே வேலை பார்ப்பவர்களுக்கு அதைப் பார்த்ததும் ஊர் ஞாபகம் வருவதில் வியப்பு இல்லை.

அடுத்த முறை போகும்போது இன்னும் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். ஒரு வயலில் நெல் தோகைகள் ஈட்டி போல வானத்தைப் பார்த்து நிற்கும். இன்னொரு வயலில் அவை அகன்று வளைந்து, தலையை விரித்துப் போட்டது போலத் தொங்கும்.

இரண்டும் நெல்தான். இரண்டுக்கும் ஒரே வெயில்தான். ஆனால் அறுவடை அன்று களத்தில் எத்தனை மூட்டை சேரும் என்பதற்கும், இந்தச் சாய்வுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

உங்கள் சட்டைப் பைக்கும் இதில் ஒரு தொடர்பு இருக்கிறது. ஊரில் இருந்து தம்பி போன் செய்கிறான். "அண்ணே, கடையில் ஒரு வளர்ச்சி ஊக்கி வந்திருக்கிறது. தெளித்தால் பயிர் ஒரே தூக்காகத் தூக்குமாம். பணம் அனுப்பு" என்கிறான். ஓவர்டைம் பார்த்துச் சேர்த்த பணம். அனுப்புவதா, வேண்டாமா? அந்தப் புட்டிக்குள் இருப்பது என்ன என்று தெரிந்தால் அல்லவா முடிவு செய்யலாம்?

அந்தப் புட்டிக்குள் இருக்கும் சரக்கின் கதையும், நெல் தோகை சாயும் கதையும் ஒரே கதைதான்.

கீல் எங்கே இருக்கிறது?

ஒரு நெல் பயிரைக் கையில் எடுத்துப் பாருங்கள். தண்டைச் சுற்றிக் குழாய் போலப் பிடித்துக் கொண்டிருப்பது இலை உறை. அதற்கு மேலே விரிந்து நிற்பது தோகை. இரண்டும் சேரும் இடத்தில் வெளுத்த நிறத்தில் ஒரு சிறு பட்டை தெரியும். அந்த இடத்தில் மெல்லிய நாக்கு போன்ற ஒரு சவ்வும், இரண்டு ஓரத்திலும் மயிர் முளைத்த காது போன்ற இரு சிறு பகுதிகளும் இருக்கும்.

களை எடுத்துப் பழகிய கைகளுக்கு இந்த நாக்கும் காதும் நன்றாகத் தெரியும். நெல்லைப் போலவே வேடம் போட்டு வயலில் வளரும் குதிரைவாலிப் புல்லுக்கு நாக்கும் இல்லை, காதும் இல்லை. அதை வைத்துத்தான் களையைக் கண்டு பிடித்துப் பிடுங்குகிறார்கள்.

அந்த வெளுத்த பட்டைதான் கீல். கதவு திறப்பதும் மூடுவதும் கீலில் இருப்பது போல, தோகை நிமிர்வதும் சாய்வதும் இந்த இடத்தில்தான் முடிவாகிறது. தோகை வெளியே வரும்போது தண்டை ஒட்டி நேராகத்தான் வருகிறது. பிறகு கீலில் உள்ள செல்கள் வளர வளர, தண்டை விட்டு விலகிச் சாய்கிறது. எவ்வளவு சாய வேண்டும் என்பது கீலுக்குள் நடக்கும் வேலையைப் பொறுத்தது.

குடை விரித்த கூட்டம்

சாய்ந்தால் என்ன, நிமிர்ந்தால் என்ன?

மழையில் பஸ்சுக்குக் காத்திருக்கும் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். எல்லோரும் குடையை விரித்துவிட்டால் தரையில் ஒரு சொட்டு விழாது. குடைகளை மடக்கிப் பிடித்தால் தரை வரை நனையும்.

வெயிலும் அப்படித்தான். தோகைகள் படுக்கை வசத்தில் விரிந்திருந்தால், மேல் இலைகளே வெயில் முழுவதையும் வாங்கிக் கொள்கின்றன. ஆனால் உச்சி வெயில் முழுவதையும் அவற்றால் உணவாக மாற்ற முடிவது இல்லை. ஓர் அளவுக்கு மேல் வரும் வெளிச்சம் வீண்தான். அதே நேரத்தில் கீழே உள்ள இலைகள் இருட்டில் கிடந்து பழுத்துப் போகின்றன.

தோகை நிமிர்ந்து நின்றால், மேல் இலைக்குத் தேவையானது கிடைத்த பிறகும் மிச்ச வெளிச்சம் கீழே இறங்குகிறது. கீழ் இலைகளும் வேலை செய்கின்றன. வேருக்கு முக்கியமாக உணவு அனுப்புவது இந்தக் கீழ் இலைகள்தான். அவை பட்டினி கிடந்தால் வேரும் பட்டினி கிடக்க வேண்டியதுதான்.

பயிர்க் கூட்டத்துக்குள் வெளிச்சம் எப்படி இறங்குகிறது என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர்கள் மான்சி, சயேக்கி என்ற இரு ஜப்பானிய விஞ்ஞானிகள். ஆண்டு 1953. பயிர் நெருக்கமாக நிற்கும்போது நிமிர்ந்த இலையே லாபம் என்பது அந்தக் கணக்கில் இருந்து தெளிவாயிற்று.

ஆனால் தொங்கும் தோகையை ஒரேயடியாகக் குறை சொல்லவும் முடியாது. இடைவெளி விட்டு நட்ட வயலில் விரிந்த தோகை தரைக்கு நிழல் போட்டுக் களையை அடக்கும். நம் பாட்டன் காலத்து உயர்ந்த ரகங்கள் பல அப்படித்தான் இருந்தன. உரம் குறைவு, நடவும் கலப்பு என்றால் அதற்கு அது பொருத்தம்தான்.

குட்டை நெல் வந்த கதை

1966-ம் ஆண்டு பிலிப்பைன்ஸ் நாட்டில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் "ஐ.ஆர்.8" என்ற ரகத்தை வெளியிட்டது. இந்தோனேசியாவின் "பேட்டா" என்ற உயர்ந்த ரகத்தையும், தைவானின் "டீ-ஜியோ-வூ-ஜென்" என்ற குட்டை ரகத்தையும் ஒட்டுச் சேர்த்துப் பிறந்த பிள்ளை அது. குட்டையான, உறுதியான தண்டு. நிமிர்ந்த தோகை. உரம் போட்டாலும் கீழே சாயாது. தமிழ்நாட்டில் இந்த ரகத்தை அறியாத விவசாயிக் குடும்பம் அந்த நாளில் குறைவு.

அந்தக் குட்டைத் தன்மையின் ரகசியம் பல ஆண்டுகள் கழித்து, 2002-ம் ஆண்டில்தான் தெரிந்தது. தைவான் ரகத்தில் ஒரு மரபணு பழுதுபட்டிருந்தது. "ஜிப்ரெலின்" என்ற ஹார்மோனைத் தயாரிக்கும் வேலையில் பங்கு உள்ள மரபணு அது. ஜிப்ரெலின் குறைந்தது, தண்டு குட்டையாயிற்று. பசுமைப் புரட்சிக்குப் பின்னால் நின்றது ஒரு ஹார்மோன் குறைவு!

ஜிப்ரெலினைக் காட்டிக் கொடுத்ததும் நெல்தான். ஜப்பானில் சில நாற்றுகள் திடீரென்று வெளுத்து, மற்றவற்றை விட உயரமாக ஓடி, பிறகு செத்துப் போகும். அதற்கு "முட்டாள் நாற்று நோய்" என்று அங்கே பெயர். 1926-ம் ஆண்டு குரோசாவா என்ற விஞ்ஞானி, ஒரு பூஞ்சைக் காளான் சுரக்கும் பொருள்தான் இதற்குக் காரணம் என்று காட்டினார். அந்தப் பொருள் ஜிப்ரெலின். பயிரும் அதைத் தனக்குத் தேவையான அளவில் தானே தயாரித்துக் கொள்கிறது என்பது பின்னர் தெரிந்தது.

ஜிப்ரெலின் முக்கியமாகப் பயிரின் உயரத்தைக் கவனிக்கிறது. தோகைக் கீலை ஆட்டிப் படைப்பது இன்னொரு ஹார்மோன்.

227 கிலோ மகரந்தம்

1970-ம் ஆண்டு அமெரிக்க விவசாய விஞ்ஞானிகள் ஓர் அதிசயத்தை அறிவித்தார்கள். கடுகு இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் மகரந்தத்தில், செடிகளை வேகமாக வளர வைக்கும் ஏதோ ஒரு பொருள் இருக்கிறது என்றார்கள். அது என்ன என்று கண்டு பிடிக்க 9 ஆண்டுகள் ஆயின.

தேனீக்கள் சேகரித்த 227 கிலோ மகரந்தத்தைக் கரைத்து வடித்து, கடைசியில் கிடைத்தது 4 மில்லி கிராம். ஒரே ஒரு நெல் மணியின் எடையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு! 1979-ம் ஆண்டு அதன் அமைப்பு தெரிந்தது. "பிராசினோலைடு" என்று பெயர் வைத்தார்கள். அந்தக் குடும்பம் முழுவதற்கும் "பிராசினோஸ்டீராய்டுகள்" என்று பெயர். வாய்க்குள் நுழையாத பெயர். நாம் சுருக்கமாக "பிராசின்" என்று வைத்துக் கொள்வோம்.

இங்கேதான் நெல் தோகை மேடைக்கு வருகிறது. ஜப்பானில் ஏற்கனவே ஒரு சோதனை பழக்கத்தில் இருந்தது. இருட்டில் வளர்த்த நெல் நாற்றில் கீலும், அதன் இரு பக்கமும் கொஞ்சம் தோகையும் உறையும் இருக்கும்படி ஒரு துண்டு வெட்டுவார்கள். சோதிக்க வேண்டிய திரவத்தில் அதைப் போட்டு இருட்டில் வைப்பார்கள். இரண்டு நாள் கழித்துக் கோணத்தை அளப்பார்கள். அவ்வளவுதான்.

1981-ம் ஆண்டு ஜப்பான் விஞ்ஞானிகள் பிராசினோலைடை இந்தச் சோதனைக்கு உட்படுத்தினார்கள். மிக மிகக் குறைந்த அளவிலேயே தோகை சாய்ந்தது. அதன் பிறகு, ஒரு பொருளில் பிராசின் இருக்கிறதா என்று அறிய விஞ்ஞானிகள் நெல் தோகையையே கேட்கத் தொடங்கினார்கள்.

உள் பக்கம் நீளுகிறது

பிராசின் கீலில் என்ன செய்கிறது?

ஒரு சுவரில் ஒரு பக்கத்துச் செங்கல் மட்டும் பெருத்துக் கொண்டே போனால் சுவர் என்ன ஆகும்? மறு பக்கம் சாயும். கீலில் தண்டைப் பார்த்த உள் பக்கமும் உண்டு, வெளிப் பக்கமும் உண்டு. பிராசின் வந்தால் உள் பக்கத்துச் செல்கள் நீளுகின்றன. தோகை வெளியே தள்ளப்படுகிறது.

அதோடு முடியவில்லை. வெளிப் பக்கத்தில் முட்டுக் கொடுப்பது போலக் கெட்டியான செல்கள் உண்டு. அவை அடுக்கடுக்காகப் பெருகினால் தோகையைத் தாங்கி நிறுத்தும். பிராசின் அந்தப் பெருக்கத்தையும் தடுத்துவிடுகிறது என்று 2015-ம் ஆண்டு சீன விஞ்ஞானிகள் காட்டினார்கள். உள்ளே இருந்து தள்ளுகிறது. வெளியே முட்டையும் குறைக்கிறது. தோகை சாயாமல் என்ன செய்யும்?

ஒருவர் ராஜ்யம் அல்ல

அப்படியானால் பிராசின்தான் முதலாளியா? அதுதான் இல்லை. கீலில் நடப்பது பஞ்சாயத்து. பலர் கூடிப் பேசித்தான் முடிவு ஆகிறது.

"ஆக்சின்" என்று ஒரு ஹார்மோன் உண்டு. செடி, வெளிச்சத்தைப் பார்த்து வளைவதற்குக் காரணமானது. நெல்லில் தடையின்றி உலவும் ஆக்சினின் அளவு குறைந்து போனால் தோகை அதிகமாகச் சாய்கிறது என்று 2013-ம் ஆண்டு கண்டு பிடித்தார்கள். அப்படியானால் ஆக்சின் தோகையை நிமிர்த்துகிறது என்று முடிவு கட்டலாமா? கூடாது. வெட்டிய நாற்றுத் துண்டுக்கு வெளியில் இருந்து நிறைய ஆக்சின் கொடுத்தால், அப்போதும் தோகை சாய்கிறது! பிராசினும் ஆக்சினும் சேர்ந்து கொடுக்கப்பட்டால், ஒன்றுக்கு ஒன்று கை கொடுத்து இன்னும் அதிகமாகச் சாய்க்கின்றன.

ஜிப்ரெலினும் பஞ்சாயத்தில் உண்டு. 2014-ம் ஆண்டு சீன விஞ்ஞானிகள் ஒரு வேடிக்கையைக் கண்டார்கள். பிராசின் சாதாரண அளவில் இருக்கும்போது ஜிப்ரெலின் தயாரிப்பை ஊக்குகிறது, செல் நீளுகிறது. ஆனால் பிராசினை அளவுக்கு மீறிக் கொடுத்தால், அதுவே ஜிப்ரெலின் தயாரிப்பை அடக்கிவிடுகிறது. செல் நீளாமல் நிற்கிறது. அதே பொருள். அளவு மாறியது, பலன் தலைகீழாயிற்று.

பிரேக் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். தண்ணீர் இல்லாமல் பயிர் தவிக்கும்போது பெருகுவது "அப்சிசிக் அமிலம்". பூச்சி கடித்தால் பெருகுவது "ஜாஸ்மோனிக் அமிலம்". இந்த இரண்டும் பிராசினின் வேலையைத் தடுத்துத் தோகை அதிகம் சாயாமல் பார்த்துக் கொள்கின்றன.

பயிரின் வயது, தண்ணீர், உரம், நோய் எல்லாம் இந்தப் பஞ்சாயத்தில் வந்து சேருகின்றன. ஒருவர் குரலை மட்டும் உயர்த்திவிட்டால் மற்றவர்கள் சும்மா இருப்பது இல்லை.

நிமிர்ந்தது தோகை, சிறுத்தது மணி

பிராசின் தோகையைச் சாய்க்கிறது என்றால், பிராசினைக் குறைத்தால் தோகை நிமிர வேண்டும் அல்லவா? நிமிர்ந்தது. "டி-61" என்ற நெல் வகையில் பிராசினை உணரும் மரபணு பழுது என்று 2000-ம் ஆண்டு ஜப்பான் விஞ்ஞானிகள் காட்டினார்கள். ஹார்மோன் இருந்தும் பயிருக்கு அது சரியாகக் காதில் விழாது. தோகை கம்பு போல நின்றது.

ஆனால் இன்னொரு செய்தியும் சேர்ந்து வந்தது. நெல் மணி சிறுத்துவிட்டது! தோகையைச் சாய்க்கும் அதே ஹார்மோன்தான் மணியையும் பெருக்க வைக்கிறது. தோகை நிமிர்ந்து வெயில் நிறையக் கிடைத்தும், மணி சிறுத்தால் மூட்டை எப்படி நிறையும்?

2006-ம் ஆண்டு இதற்கு ஒரு வழி தெரிந்தது. நெல்லில் பிராசின் தயாரிக்கும் ஒரு கட்டத்தில் இரண்டு மரபணுக்கள் ஒரே வேலையைப் பார்க்கின்றன. தொழிற்சாலையில் ஒரே மெஷினுக்கு இரண்டு ஆட்கள் இருப்பது போல. அதில் ஒருவர் மட்டும் லீவு போட்டால் வேலை நிற்காது, கொஞ்சம் மந்தப்படும். "டுவார்ப்-4" என்ற மரபணு மட்டும் வேலை செய்யாத நெல்லை ஜப்பான் விஞ்ஞானிகள் வயலில் நட்டுப் பார்த்தார்கள். பிராசின் லேசாகத்தான் குறைந்தது. தோகை நிமிர்ந்தது. மணியும் கெடவில்லை. நெருக்கி நட்டபோது, கூடுதல் உரம் போடாமலே விளைச்சல் உயர்ந்தது.

ஹார்மோனை ஒரேயடியாகக் குறைத்ததால் அல்ல, அளவோடு குறைத்ததால் கிடைத்த வெற்றி இது. "அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு" என்று நம் பெரியவர்கள் சொன்னது கீலுக்குள்ளும் செல்லுபடி ஆகிறது.

புட்டி வாங்கலாமா?

இப்போது தம்பியின் போனுக்கு வருவோம்.

கடையில் விற்கும் வளர்ச்சி ஊக்கிகளில் சிலவற்றில் ஜிப்ரெலிக் அமிலம் இருக்கிறது. சிலவற்றில் பிராசின் குடும்பத்தைச் சேர்ந்த பொருள் இருக்கிறது. இவை போலிச் சரக்கு என்று சொல்ல வரவில்லை. முறையாகப் பயன்படுத்த இடம் உண்டு. உதாரணமாக, ஒட்டு நெல் விதை உற்பத்தியில் கதிர் உறைக்குள் சிக்கிக் கொள்ளாமல் வெளியே வர ஜிப்ரெலிக் அமிலம் தெளிக்கிறார்கள்.

ஆனால் தெளித்த மருந்துக்குக் கண் கிடையாது. "நீ மணிக்கு மட்டும் போ, கீலுக்குப் போகாதே" என்று அதற்குச் சொல்ல முடியாது. எந்தப் பருவத்தில், எந்த அளவில் என்பது தெரியாமல் "ஒரு மூடிக்கு இரண்டு மூடி ஊற்றினால் இரட்டிப்புப் பலன்" என்று நினைத்தால், காசும் போகும், பயிரும் கெடலாம். அளவு மாறினால் பலன் தலைகீழாகும் என்பதை மேலே பார்த்தோம்.

தோகை தொங்குகிறது என்றால் புட்டியைத் தேடும் முன் பார்க்க வேண்டியவை வேறு உண்டு.

முதலில் யூரியா. தழைச்சத்து மிஞ்சினால் தோகை கரும் பச்சையாக அகன்று, நீண்டு தொங்கும். பூச்சியும் நோயும் தேடி வரும். பயிரே கீழே சாயும். தோகையின் பச்சையை "இலை வண்ண அட்டை"யோடு ஒப்பிட்டுப் பார்த்து, தேவை இருந்தால் மட்டும் உரம் போடும் முறை இருக்கிறது. அட்டையின் விலை மிகக் குறைவு.

இரண்டாவது வைக்கோல். நெல் மண்ணில் இருந்து சிலிக்காவை நிறைய எடுத்துத் தோகையில் படிய வைக்கிறது. தோகை விறைப்பாக நிற்க அது உதவுகிறது. நெல் தோகை கையைக் கிழிப்பதும் அதனால்தான். வைக்கோலிலும் உமியிலும் அந்தச் சிலிக்கா நிறைய இருக்கிறது. முழுவதையும் விற்றுவிடாமல், எரித்தும் விடாமல், ஒரு பங்கை மக்க வைத்து வயலுக்கே திருப்பினால் நல்லது.

மூன்றாவது ரகம். நெருக்கி நட நினைத்தால் அதற்கு ஏற்ற நிமிர்ந்த தோகை ரகம் வேண்டும். எந்த ரகம் எந்த மண்ணுக்கு, எந்தப் பட்டத்துக்கு என்று ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலும், உள்ளூர் விவசாய அலுவலகத்திலும் கேட்கலாம். கேட்பதற்குக் காசு இல்லை.

இவை மூன்றையும் பார்த்த பிறகும் ஊக்கி தேவை என்று விவசாய அதிகாரி சொன்னால், அவர் சொன்ன பெயர், சொன்ன அளவு, சொன்ன நாள் என்று வாங்கட்டும். பணம் அனுப்புங்கள். கடைக்காரர் சொன்னார் என்பதற்காக மட்டும் அனுப்ப வேண்டாம்.

ஊருக்குப் போகும்போது...

பொங்கலுக்கு ஊர் போனால், அறுவடை முடியாத வயலாகப் பார்த்து வரப்பில் இறங்குங்கள். கதிருக்கு அடுத்து இருக்கும் கடைசித் தோகையைப் பாருங்கள். ஊரில் அதைத்தான் கண்ணாடி இலை என்கிறார்கள். மணிக்குப் பால் பிடிக்க உணவு அனுப்புவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அது நிமிர்ந்து நிற்கிறதா, தொங்குகிறதா என்று பார்த்துவிட்டு, கீலை விரலால் தொட்டுப் பாருங்கள்.

அரை விரல் அகலம்கூட இல்லாத இடம். 227 கிலோ மகரந்தத்தில் 4 மில்லி கிராமே கிடைத்த ஒரு பொருளும், அதைத் தட்டிக் கொடுக்கும், தடுத்து நிறுத்தும் மற்ற ஹார்மோன்களும் சேர்ந்து அங்கேதான் கணக்குப் போடுகின்றன. அந்தக் கணக்கில்தான் உங்கள் வீட்டு மூட்டையும் இருக்கிறது.

தம்பியையும் பக்கத்தில் நிறுத்திக் கொண்டு இதைச் சொல்லிக் கொடுங்கள். அடுத்த முறை அவன் போன் செய்யும்போது, "பணம் அனுப்பு" என்பதற்கு முன் "அண்ணே, தோகையைப் பார்த்துவிட்டேன்" என்று சொல்லட்டும்!